எங்கே அறுந்தது என்று முதலில் பார்



கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படித்துவிட்டு ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ சர்வீஸ் வேலைக்கு வந்திருக்கும் உனக்கு இதை எழுதுகிறேன். பாகலூர் ரோட்டில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்திருப்பாய். அல்லது சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஐடி பிரிவில் கான்ட்ராக்ட் ஆளாக இருப்பாய். எங்கே இருந்தாலும் நீ அதிகம் கேட்கப்போகும் புகார் ஒன்றுதான்: "மாட்டினேன் சார், கம்ப்யூட்டர் எடுக்கல." பென்டிரைவ் எடுக்கவில்லை, லேபிள் பிரிண்டர் எடுக்கவில்லை, ஹார்டுடிஸ்க் காட்டவில்லை, எடைமேடையில் லாரி நிற்கிறது, எடை திரைக்கு வரவில்லை.

இதைக் கேட்டவுடன் இணையத்தில் டிரைவர் தேடுகிறவர்கள் நம் தொழிலில் நிறையப் பேர். "ஓஎஸ் புதுசா போட்டுடலாம்" என்று ஆரம்பிப்பவர்கள் அதைவிட நிறைய. நான் உனக்குச் சொல்ல வருவது அதற்கு முந்தின காரியம். ஒரு பொருளைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் அடுத்தடுத்து சில வேலைகள் நடக்க வேண்டும். அதற்கு மின்சாரம் போக வேண்டும். போர்ட் அதை உணர வேண்டும். அது தான் யார் என்று சொல்ல வேண்டும். அதற்குரிய டிரைவரை விண்டோஸ் கண்டுபிடித்து ஏற்ற வேண்டும். கடைசியாக, வாடிக்கையாளர் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் சரியான போர்ட்டில் அதைத் தேட வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வாடிக்கையாளர் சொல்வது ஒரே வாக்கியம்தான். எந்தக் கண்ணி என்று கண்டுபிடிப்பதுதான் உன் வேலை. மாற்றுவதும் ஒட்டுவதும் அதற்குப் பிறகு.

முதலில் கேள்வி கேள். எப்போதிலிருந்து எடுக்கவில்லை? அதற்கு முன்னால் என்ன நடந்தது? நம் எல்லைப் பகுதியில் இதைத் தமிழில் மட்டும் கேட்டால் போதாது. அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஆபரேட்டரிடம் கன்னடத்தில் "யாவாகிந்த?" என்று கேட்கத் தெரிய வேண்டும், சூளகிரி, பேரிகைப் பக்கத்து ஆளிடம் தெலுங்கில் "எப்பட்னுஞ்சி?" என்று கேட்கத் தெரிய வேண்டும். கிரானைட் பட்டறைகளில் இந்தி தேவைப்படும். முதலாளி "திடீர்னு நின்னுடுச்சு" என்று முடித்துக்கொள்வார். மிஷின் பக்கத்தில் நிற்பவர்தான் உண்மையைச் சொல்வார்: "நேத்து மேஜையை நகர்த்தினோம்" அல்லது "ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்துச்சு" அல்லது "காலையில அப்டேட் ஓடிட்டு இருந்துச்சு." மேஜை நகர்ந்திருந்தால் கேபிளைப் பார். கரண்ட் விளையாடியிருந்தால் அடாப்டரையும் போர்ட்டையும் பார். அப்டேட் ஓடியிருந்தால்தான் டிரைவர். அரை நாள் வேலையை இரண்டு நிமிடப் பேச்சு மிச்சப்படுத்தும்.

அடுத்தது மாற்றிப் பார்ப்பது. எடுக்காத பொருளை வேறு கம்ப்யூட்டரில் மாட்டு. எடுக்கிற பொருள் ஒன்றை இந்தக் கம்ப்யூட்டரில் மாட்டு. இந்த இரண்டும் செய்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கேபிளையும் போர்ட்டையும் டிரைவரையும் ஒன்றாக மாற்றிவிட்டு "ரெடி ஆயிடுச்சு" என்று சொன்னால், எதனால் ரெடி ஆனது என்று உனக்கும் தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால் மறுபடியும் மூன்றையும் மாற்றுவாய்.

இப்போது யுஎஸ்பி. தினமும் கை படுகிற பொருள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். யுஎஸ்பியின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. இன்டெல்லில் அந்தக் குழுவை நடத்தியவர் பரோடாவில் பொறியியல் படித்த அஜய் பட். அதற்கு முன்பு பிரிண்டருக்கு ஒரு வகை கனெக்டர், மவுஸுக்கு ஒன்று, மோடத்துக்கு இன்னொன்று; ஒவ்வொன்றுக்கும் கையால் செட்டிங் போட வேண்டும். மாட்டியவுடன் தானே வேலை செய்ய வேண்டும் என்பதுதான் யுஎஸ்பியின் நோக்கம். அது சுலபத்தில் கைகூடவில்லை. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98ஐக் காட்டுவதற்காக அவருடைய உதவியாளர் ஒரு ஸ்கேனரை மாட்டினார். கூட்டத்தின் முன்னால் திரை நீலமாகி நின்றுவிட்டது. அந்த விண்டோஸைச் செய்தவர்களுக்கே நடந்தது. வாடிக்கையாளர் முன்னால் நீ மாட்டியது எடுக்காமல் போனால் பதறாதே.

யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பி: 5 வோல்ட் ஒன்று, கிரவுண்ட் ஒன்று, டேட்டாவுக்கு இரண்டு. பொருள் மாட்டப்பட்டதும் டேட்டா கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மேலே இழுக்கிறது. போர்ட் உணர்வது அதைத்தான். இந்தக் கட்டத்தில் விண்டோஸுக்கோ டிரைவருக்கோ வேலையே இல்லை. பிறகு கம்ப்யூட்டர் "நீ யார்?" என்று கேட்கிறது; பொருள் தன் கம்பெனி எண்ணையும் மாடல் எண்ணையும் சொல்கிறது. அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் விண்டோஸ் டிரைவரைத் தேடுகிறது. ஆகவே மாட்டும்போது ஸ்பீக்கரில் அந்தச் சின்ன மணிச் சத்தம் வருகிறதா என்று காது கொடு. சத்தம் வந்தால் கம்பி, போர்ட் இரண்டும் பெரும்பாலும் சரி. கோளாறு அதற்கு மேலே. சத்தமே இல்லாமல், டிவைஸ் மேனேஜரில் ஒரு அசைவும் இல்லாமல் இருந்தால், எத்தனை டிரைவர் போட்டாலும் பயனில்லை. மல்டிமீட்டரை எடு.

லைட் எரிகிறது, ஆனால் எடுக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல். சார்ஜருடன் வரும் சில மலிவான கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது. 5 வோல்ட்டும் கிரவுண்டும் மட்டும் ஓடும். லைட் எரியும், பொருள் பேசாது. யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பட்டறைகளில் ஆபீஸ் அறையிலிருந்து ஷெட் வரைக்கும் எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போட்டு இழுத்திருப்பார்கள். சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது. கேபினெட்டின் முன்பக்க போர்ட்டை நம்பாதே. அது உள்ளே ஒரு நீளமான வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. அந்த வயர் தளர்ந்திருக்கும், அல்லது ஆயில் புகை படிந்திருக்கும். பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் மாட்டிப் பார். மின்சாரக் கணக்கும் தெரிந்து வைத்துக்கொள்: யுஎஸ்பி 2.0 போர்ட் ஒரு பொருளுக்கு 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900. வெளி ஹார்டுடிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது அதற்கு மேலும் கேட்கும். சக்தி போதாமல் டிக் டிக் என்று துடித்து நின்றால் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டாதே. தனி அடாப்டர் உள்ள ஹப்பில் போட்டுப் பார்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்தால் நல்ல காலம் என்று நினை. பொருள் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டுவிட்டது. அதன்மேல் டபுள் கிளிக் செய்து கோடு எண்ணைப் படி. 28 என்றால் டிரைவர் போடப்படவில்லை. 10 என்றால் பொருளைத் துவக்க முடியவில்லை. 43 என்றால் பொருளே தவறு என்று தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. 43 வரும் இடங்களில் டிரைவரைத் தேடி நேரம் கழிப்பதைவிட கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்ப்பது நல்லது. "அன்நோன் டிவைஸ்" என்று வந்தால் டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைப் பார். அந்தக் கம்பெனி எண், மாடல் எண் இரண்டையும் தேடினால் உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அட்டையில் அச்சடித்த பெயரை வைத்து டிரைவர் தேடாதே.

இன்னொன்று. விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் முழுசாக அணைவதில்லை. பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்" என்று வாடிக்கையாளர் சொன்னாலும் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடு. டெஸ்க்டாப் என்றால் பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்து, பிறகு போடு. போன் வழியாகச் சொல்லியே பல கோளாறுகளை இதனால் தீர்க்கலாம்.

உன் பையில் லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவும் இருக்கட்டும். விண்டோஸைத் தொடாமல் அதிலிருந்து பூட் செய்து, பொருளை மாட்டிப் பார். லினக்ஸில் காட்டுகிறது, விண்டோஸில் காட்டவில்லை என்றால் கோளாறு டிரைவரில் அல்லது விண்டோஸில். இரண்டிலும் காட்டவில்லை என்றால் கம்பியிலோ பொருளிலோ. வாடிக்கையாளரின் கணினியில் ஒரு ஃபைலைக்கூட மாற்றாமல் இந்தப் பதில் கிடைக்கிறது என்பதால் எனக்கு இந்தச் சோதனை மேல் தனி மதிப்பு உண்டு.

இனி நம் ஊருக்கென்று உள்ள பாடம். சென்னையில் இருக்கும் ஹார்டுவேர் பையனுக்கு இது அவ்வளவாக வராது. 1971ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்த பிறகு டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கும் பெங்களூர் ஆலைகளுக்கும் உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகள் சந்துக்குச் சந்து முளைத்தன. அந்தப் பட்டறைகளில் ஓடும் பழைய சிஎன்சி மிஷின்கள் பலவற்றில் யுஎஸ்பி கிடையாது. மெமரியும் குறைவு, புரோகிராமைக் கம்ப்யூட்டரிலிருந்து ஆர்எஸ்-232 கேபிள் வழியாகத்தான் ஊட்ட வேண்டும். கிரானைட் லாரிகளை எடை போடும் எடைமேடைகளிலும் அதே கேபிள்தான்: இண்டிகேட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடை அதன் வழியாக வருகிறது. இங்கே ஆர்எஸ்-232 தெரியாமல் நீ தொழில் செய்ய முடியாது.

இதில் மனதில் ஆழமாகப் பதிய வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. ஆர்எஸ்-232 என்பது 1960ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட தரம். அதில் "கண்டுபிடிப்பது" என்ற ஏற்பாடே கிடையாது. மறுமுனையில் சிஎன்சி இருக்கிறதா, எடைமேடை இருக்கிறதா, அறுந்த வயர் தொங்குகிறதா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. டிவைஸ் மேனேஜரில் நீ பார்ப்பது காம் போர்ட்டை மட்டும்தான். அதற்கு அப்பால் இருக்கும் மிஷினை அங்கே எந்நாளும் பார்க்க முடியாது. ஆகவே எடைமேடைக்காரர் "கம்ப்யூட்டர் எடுக்கல" என்று சொன்னால், யுஎஸ்பிக்குச் செய்வதுபோல டிவைஸ் மேனேஜரை ரெஃப்ரெஷ் செய்துகொண்டு உட்கார்ந்திருக்காதே. வயர், வேகம், போர்ட் எண் என்று மூன்றையும் நீயே வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

வயரிலிருந்து தொடங்கு. மிஷினிலிருந்து கேபிளைக் கழற்றி, அந்த முனையில் 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் ஒரு சிறு கம்பியால் இணை. கம்ப்யூட்டரில் புட்டி போன்ற ஒரு டெர்மினல் புரோகிராமைத் திறந்து, ஃப்ளோ கன்ட்ரோலை நிறுத்திவிட்டு, ஏதாவது டைப் செய். அடித்த எழுத்து திரையில் திரும்பி வந்தால் போர்ட், யுஎஸ்பியை ஆர்எஸ்-232 ஆக மாற்றும் கன்வெர்டர், அந்த இரண்டு டேட்டா கம்பி ஆகிய எல்லாம் சரி என்று அர்த்தம். வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்து நகர்ந்து, கேபிளின் தொடக்கத்திலும் கன்வெர்டரின் வாயிலும் இதே சோதனையைச் செய். எங்கே திரும்பி வர ஆரம்பிக்கிறதோ அதற்கு அடுத்த துண்டில்தான் அறுந்திருக்கிறது.

மிஷின் பக்கம் உயிர் இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். ஆர்எஸ்-232ல் ஒரு முனை சும்மா இருக்கும்போது அதன் அனுப்பும் பின்னில் நெகட்டிவ் வோல்ட்டேஜ் நிற்கும். கிரவுண்ட் பின்னோடு வைத்து அளந்தால் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை ஏதோ ஒன்று காட்டும். இண்டிகேட்டரின் மேனுவல் தொலைந்துபோயிருக்கும், பின்பக்க ஸ்டிக்கர் அழிந்திருக்கும். அப்போதும் நெகட்டிவ் காட்டுகிற பின்தான் அனுப்பும் பின் என்று கண்டுபிடித்துவிடலாம். எந்தப் பின்னிலும் ஒன்றும் இல்லை என்றால் மிஷினுக்குள் இருக்கும் ஐசி போயிருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேபிள் நீயே கட்ட வேண்டி வரும். கம்ப்யூட்டரின் 9 பின் போர்ட்டில் 2 வாங்கும், 3 அனுப்பும், 5 கிரவுண்ட். பல சிஎன்சிகளில் இருக்கும் 25 பின் போர்ட்டில் 2 அனுப்பும், 3 வாங்கும், 7 கிரவுண்ட். மேலும் ஃபானுக் போன்ற கன்ட்ரோல்கள் "அனுப்பலாமா?" என்ற அனுமதி வரும்வரை பேசாது, அதற்காக 25 பின் பக்கத்தில் 4ஐயும் 5ஐயும் ஒன்றாக, 6, 8, 20 மூன்றையும் ஒன்றாக இணைத்துவிடுவது வழக்கம். இந்த ஜம்பர் விட்டுப்போனால் வயர் முழுதும் சரியாக இருந்தும் மிஷின் ஊமையாக நிற்கும்.

வயர் சரி என்றால் வேகம். எழுத்து வருகிறது, ஆனால் குப்பையாக வருகிறது என்றால் இரு பக்க பாட் ரேட் பொருந்தவில்லை, அல்லது பாரிட்டியும் டேட்டா பிட்டும் பொருந்தவில்லை. சிஎன்சிகளில் பெரும்பாலும் 4800 அல்லது 9600 வேகம், 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட் என்று இருக்கும். கம்ப்யூட்டர் தானாக எடுத்துக்கொள்வதோ 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். மிஷினின் பாராமீட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்துப் பொருத்து. பார்ப்பதற்கு மட்டும் திற. முதலாளியிடம் கேட்காமல் ஒரு பாராமீட்டரையும் மாற்றாதே. திறந்ததும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்.

மூன்றாவது, போர்ட் எண். நம் ஊர் எடைமேடைகளில் இது அடிக்கடி நடக்கும். யாரோ கூட்டும்போது கன்வெர்டரைப் பிடுங்கி, பக்கத்து யுஎஸ்பி ஓட்டையில் மாட்டிவிடுவார்கள். தனி சீரியல் எண் இல்லாத சிப் என்றால், வேறு ஓட்டையில் போட்டவுடன் விண்டோஸ் அதைப் புதுப் பொருளாக நினைத்து காம் 3க்குப் பதிலாக காம் 7 கொடுக்கும். எடைமேடை சாஃப்ட்வேர் காம் 3ஐயே பார்த்துக்கொண்டிருக்கும். எதுவும் கெடவில்லை; எல்லாரும் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கம் போய் எண்ணை மாற்று. அந்த எண் "இன் யூஸ்" என்று சொன்னால் வியூ மெனுவில் மறைந்த பொருள்களைக் காட்டச் சொல். பழைய பேய்ப் போர்ட்டுகள் மங்கலாகத் தெரியும், அவற்றை நீக்கிவிடு. பிறகு அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் பெயிண்ட் மார்க்கரால் குறி போட்டு, இங்கேதான் மாட்ட வேண்டும் என்று எழுதி வை.

கன்வெர்டர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் அந்தச் சின்ன வயருக்குள் ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ சிப், தைவானின் புரோலிஃபிக் சிப், சீனாவின் சிஎச்340 சிப் என்று ஏதோ ஒன்று இருக்கும். முதல் இரண்டுக்கும் போலிகள் உலகம் முழுதும் உண்டு. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவரை அனுப்பியது. அது போலிச் சிப்பைக் கண்டால் அதன் மாடல் எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கம்ப்யூட்டரிலும் அது எடுக்காது. வாங்கியவருக்கு அது போலி என்பதே தெரியாது. ஒரு காலையில் அப்டேட் ஓடியது, மிஷின் நின்றது. உலகெங்கும் கண்டனம் எழுந்து அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலி செய்பவன் குற்றவாளிதான். ஆனால் அவனுக்குக் கொடுக்க வேண்டிய தண்டனையைப் பட்டறைக்காரர் தலையில் இறக்கியது அநியாயம் என்பது என் தீர்ப்பு. புரோலிஃபிக்கின் புதிய டிரைவர்களும் போலிகளையும் தன் பழைய மாடல்களையும் ஏற்பதில்லை. கோடு 10 வரும், அல்லது இந்தச் சிப் 2012லேயே நிறுத்தப்பட்டது என்று டிவைஸ் மேனேஜரிலேயே எழுதிக் காட்டும்.

ஆகவே கன்வெர்டர் வாங்கும்போது பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிற மிக மலிவானதைக் கை நிறைய அள்ளி வராதே. மிஷினுக்கு மாட்டுவதற்கு நல்ல சிப் உள்ளதை, பில்லோடு, வாரன்டியோடு வாங்கு. எஸ்.பி. ரோட்டுக்குப் போய்வர உனக்கு ஒரு நாளின் பெரும்பகுதி போகிறது. ஓசூர் ரோட்டு நெரிசலை நான் சொல்ல வேண்டியதில்லை. கெட்டது எது என்று உறுதியாகத் தெரியாமல் பொருள் வாங்கக் கிளம்பாதே.

பட்டறையில் ஒரே கம்ப்யூட்டரின் போர்ட் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் போர்ட்டை மாற்றுவதை நிறுத்திவிட்டு எர்த்தைப் பார். வெல்டிங், பெரிய மோட்டார்கள், டிரைவ்கள் ஓடும் ஷெட்டில் மிஷினின் எர்த்தும் ஆபீஸ் அறையின் எர்த்தும் வேறு வேறாக இருந்தால் இரண்டுக்கும் இடையில் வோல்ட்டேஜ் வித்தியாசம் வரும். அது உன் கேபிளின் கிரவுண்ட் கம்பி வழியாக ஓடி ஐசியை எரிக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் அளந்து பார். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல். ஆப்டிகல் ஐசொலேஷன் உள்ள கன்வெர்டர் போட்டால் இரு பக்கமும் மின்சாரத் தொடர்பு இல்லாமல் டேட்டா மட்டும் போகும். ஆர்எஸ்-232 கேபிளை மிஷின் ஓடும்போது கழற்றாதே, மாட்டாதே. பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டவும் கூடாது.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் தொழிற்சாலைகளிலிருந்து வரும் அழைப்பு வேறு மாதிரி. பெங்களூரா மாங்காய் லோடு வாசலில் நிற்கும். டிரம்மில் ஒட்ட வேண்டிய லேபிள் பிரிண்டர் எடுக்காது. எடுக்கவில்லை என்பார்கள், போய்ப் பார்த்தால் விண்டோஸில் பிரிண்டர் இரண்டு தடவை இருக்கும், "காப்பி 1" என்ற பெயரோடு. பழைய பெயருக்கே சாஃப்ட்வேர் அனுப்பிக்கொண்டிருக்கும். இதுவும் அந்தக் காம் போர்ட் கதைதான். இ-சேவை மையங்களின் கைரேகைக் கருவியில் இன்னொரு படி அதிகம்: டிவைஸ் மேனேஜரில் சரியாகத் தெரிந்தாலும் ஆதார் ஆணையம் ஏற்ற ஆர்டி சர்வீஸ் என்ற புரோகிராம் பின்னால் ஓடாவிட்டால் இணையப் பக்கம் கருவி இல்லை என்றுதான் சொல்லும்.

ஹார்டுடிஸ்க், எஸ்எஸ்டி பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்தித்தான் சொல்வேன். டிஸ்க் காட்டவில்லை என்றால் முதலில் பயாஸில் தெரிகிறதா பார். அங்கேயே இல்லை என்றால் சாட்டா கேபிள், பவர் கேபிள், ஸ்லாட். எம்.2 ஸ்லாட்டில் சில சாட்டா வகையை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இ வகையை மட்டும். பொருந்தி உட்கார்ந்தாலும் பேசாது. பயாஸில் தெரிந்து விண்டோஸ் போடும்போது மட்டும் காட்டவில்லை என்றால், இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு காரணமாக இருக்கலாம். இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் வைத்து நிறுவும் திரையில் ஏற்றினால் தெரியும். ஆனால் டேட்டா உள்ள டிஸ்க் ஒன்றை மாட்டியதும் விண்டோஸ் "இனிஷியலைஸ் செய்யவா?" என்றோ "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்தலாம்" என்றோ கேட்டால், எக்காரணம் கொண்டும் சம்மதம் கொடுக்காதே. கேன்சல் செய். டிஸ்க்கிலிருந்து கிளிக் சத்தம் வந்தால் உடனே பவரை நிறுத்து. ஒவ்வொரு சுழற்சியும் உள்ளே இருப்பதைச் சுரண்டக்கூடும். ஒரு பட்டறையின் பத்து வருட சிஎன்சி புரோகிராம்கள் அந்த ஒரு டிஸ்க்கில் இருக்கலாம். காப்பி வேறு எங்கும் இருக்காது. அதேபோல பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்று மிஷினோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைப் புதுப்பிக்கச் சொல்லி வற்புறுத்தாதே. நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வை, டிஸ்க் முழுவதற்கும் இமேஜ் எடுத்துக் கொடு.

கூலி பற்றி ஒரு வார்த்தை. நீ போய்ப் பார்த்து, போர்ட் எண்ணை மாற்றிவிட்டு எழுந்தால் "இதுக்கு எதுக்குக் காசு?" என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நம்மவர்கள் தேவையில்லாமல் ஒரு கார்டை மாற்றி, ஒரு கேபிளைப் புதிதாகப் போட்டு பில்லை நியாயப்படுத்துகிறார்கள். நீ அதைச் செய்யாதே. கோளாறைக் கண்டுபிடித்ததற்குத்தான் கூலி என்று முதலிலேயே சொல்லிவிடு. விசிட் சார்ஜ் இவ்வளவு என்று போன் எடுக்கும்போதே சொல். பொருள் எதுவும் கெடவில்லை என்றால் கெடவில்லை என்று எழுதிக் கொடு. எந்தச் சோதனை செய்தாய், என்ன தெரிந்தது, எந்த எண்ணை மாற்றினாய் என்று பில்லின் பின்பக்கம் மூன்று வரி எழுது. அடுத்த முறை நீ போக முடியாமல் வேறு ஒரு பையன் போனால் அவன் அந்த மூன்று வரியிலிருந்து தொடங்கட்டும்.

அன்புடன்,
ஓசூரிலிருந்து உன் தொழிலில் மூத்தவன்